கூரைக்குள் இருந்தவள்

பிப்ரவரி 4

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். பொம்மைக் கம்பெனியின் பழைய ஸ்டோர்கீப்பரிடம் கெஞ்சிக் கூத்தாடி உங்கள் விலாசத்தை வாங்கினேன்.

நாங்கள் பன்னிரண்டு பேர் பழைய ‘சின்னவர் வீடு’ பெட்டிகளைத் தேடிச் சேர்த்து வைக்கிறோம். இரண்டு மூன்று வயதுப் பிள்ளைகளுக்கென்று உங்கள் கம்பெனி போட்ட பொம்மை வீடு. பெரிய பிள்ளைகளின் பெட்டியில் முந்நூறு துண்டுகள் இருக்கும், இதில் எட்டே எட்டு. ஜன்னல் ஒட்டியே வந்த சுவர் இரண்டு, ஒரே துண்டாகக் கூரை, ஒரு மரம், அப்பா, அம்மா, பிள்ளை, நாய். முந்நூறு துண்டுக்காரர்கள் எங்களைக் கண்டால் சிரிப்பார்கள். “இதுல கட்டுறதுக்கு என்னய்யா இருக்கு, மூடி போட்டா முடிஞ்சுது!” என்பார்கள். இருக்கட்டும். எங்கள் கை முதன்முதலில் கட்டிய வீடு அதுதான்.

போன மாதம் பிரிக்காத பெட்டி ஒன்று கிடைத்தது. ஆட்டினால் கூரைக்குள் ஏதோ உருண்டது. மெல்லிய பிளேடு விட்டுக் கூரையின் அடித்தகட்டை நெம்பினேன். உள்ளே இன்னொரு பிள்ளைப் பொம்மை குப்புறக் கிடந்தது. பெட்டியோடு வரும் சீட்டிலேயே சுற்றியிருந்தது. “குறை இருந்தால் இந்த எண்ணைக் குறித்து எழுதவும்” என்று அச்சடித்து, கீழே 14 என்று போட்டிருந்தது.

குறை இல்லை அம்மா, ஒன்று கூடுதலாக இருக்கிறது. இது எப்படி வந்திருக்கும்?

அன்புடன்,
கண்ணாடிக்கடைக்காரன்


பிப்ரவரி 12

கண்ணாடிக்கடைத் தம்பிக்கு,

நலம். உங்கள் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். மூன்றாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்து கோணலாக இருக்கும், ஞாபகம் கோணாது.

பதினான்கு என்றால் நான்தான். பத்தொன்பது வருடம் அதே ஸ்டூல். அட்டைத் தட்டை விரிப்பேன். சுவர் இரண்டும் முதுகோடு முதுகாக, மரம் படுக்கையாக, அப்பா அம்மா பிள்ளை நாய் நாலும் நாலு குழியில், மேலே கூரை, கூரைமேல் சீட்டு, மூடி. மணிக்கு எழுபது பெட்டி. கூடியதும் இல்லை, குறைந்ததும் இல்லை. ஒரே ஒரு தடவை மரம் குறைகிறது என்று மேஸ்திரி என்னை அரை நாள் சுவரோரம் நிற்க வைத்தான். மரத்தைத் தட்டிவிட்டதே அவன் முழங்கைதான். அவன் செத்து ஒன்பது வருடம் ஆகிறது. நான் இன்னும் மன்னிக்கவில்லை.

கூரை என் கைக்கு வரும்போதே மூடித்தான் வரும். அடித்தகட்டை அமுக்கி மாட்டுவது பக்கத்து ஸ்டூல் பதினைந்தின் வேலை. டக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான், பெரியவர்களாலும் வெறுங்கையால் அதைத் திறக்க முடியாது. சின்னப் பிள்ளைகள் விரல் நசுங்கக் கூடாதென்று அப்படிச் செய்திருந்தார்கள்.

அந்தப் பதினைந்து என் வீட்டுக்காரரின் தங்கை. இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள். முப்பத்தெட்டு வருடமாக அவளோடு எனக்குப் பேச்சில்லை. ஏன் என்று கேட்காதீர்கள்.

அந்தப் பொம்மையின் முகம் எப்படி இருக்கிறது? அதை மட்டும் எழுதுங்கள்.

இப்படிக்கு,
பதினான்கு


பிப்ரவரி 25

அன்புள்ள அம்மா,

நீங்கள் கேட்டதால் பூதக்கண்ணாடி வைத்து நன்றாகப் பார்த்தேன். கம்பெனி அச்சடித்த முகத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஊசியால் கீறி, மை தடவியிருக்கிறார்கள். மூன்று நான்கு வயதுப் பெண் குழந்தை, இரட்டைச் சடை. இடது புருவம் நடுவில் விட்டுப்போயிருக்கிறது. தவறிக் கீறியது இல்லை. நாள் முழுக்கக் கண்ணையும் புருவத்தையும் பார்த்துப் பிழைப்பவன் நான். வேண்டுமென்றே விட்ட இடைவெளி அது.

பிறகு நாங்கள் எல்லோரும் அவரவர் பரணைக் குடைந்தோம். பதினான்கு போட்ட பெட்டிகள் மட்டும் நாற்பத்துமூன்று கிடைத்தன. ஜூன் 11 முத்திரை உள்ளவற்றில் மட்டுமே கூரைக்குள் குழந்தை இருக்கிறது. அடுத்தடுத்த வருடங்களில், அதே தேதியில். இரண்டாவது வருடத்துப் பொம்மைக்கு முகம் கொஞ்சம் நீண்டிருக்கிறது. நான்காவதற்கு முன்பல் இல்லை. ஆறாவதில் ஒற்றைச் சடை. எல்லாவற்றிலும் அதே புருவம்.

ஏழாவதும் எட்டாவதும்தான் எங்களைக் குழப்புகின்றன. ஊசி பட்ட தடமே இல்லை. நிறம் பிளாஸ்டிக்கின் உள்ளிருந்தே வந்தது போல் இருக்கிறது. அதோடு ஏழாவதில் அவள் திடீரென்று வளர்ந்த பெண்ணாக இருக்கிறாள். எட்டாவதில் நெற்றியில் கோடு விழுந்திருக்கிறது. நாற்பதைத் தொட்டவள், என் வயதுக்காரி. ஆனால் அந்தப் பெட்டியைக் கட்டி முப்பது வருடம் ஆகிறது.

எங்களில் ஒரு பஸ் டிரைவர் தன் பெட்டிகளையெல்லாம் என் கடையில் கொண்டுவந்து வைத்துவிட்டார். “வீட்டுல இருந்தா முதுகுக்குப் பின்னாடி யாரோ நிக்கிற மாதிரி இருக்குய்யா” என்கிறார். எங்கள் கேலிக்கெல்லாம் சளைக்காத மனிதர் அவர்.

ஒன்பதாவது ஜூன் 11 பெட்டி ஒன்று பிரிக்காமல் இருக்கிறது. ஆட்டினால் உருள்கிறது. திறக்க யாருக்கும் கை வரவில்லை.

அன்புடன்,
கண்ணாடிக்கடைக்காரன்


மார்ச் 3

தம்பிக்கு,

உங்கள் கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன். சமையல் என் மகன் வழிப் பேத்திதான்.

அந்தப் புருவம் என் மகளுடையது. நடை பழகும்போது ஜன்னல் கொக்கியில் இடித்துக் கிழித்துக்கொண்டாள். தையல் போட்ட இடத்தில் முடி முளைக்கவே இல்லை.

ஜூன் பதினொன்று. அவளுக்கு மூன்று வயது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் பேக்கிங் ஹாலுக்கே கூட்டிப் போயிருந்தேன். ஷிப்டு முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, கடைசித் தட்டை முடித்துவிட்டு வருகிறேன் என்று பதினைந்தின் கையில் பிடித்துக் கொடுத்தேன். திரும்பிப் பார்த்தால் இவள் கை மட்டும் நீட்டியபடி இருக்கிறது. பிள்ளையைக் காணோம்.

“நான் கையை விடல அண்ணி, யாரோ கூப்பிட்டாங்க, உருவிக்கிட்டு ஓடிட்டா” என்றாள். யார் கூப்பிட்டார்கள் என்றால் தெரியாதாம். அந்த ஹாலில் அறுபது பேர் இருந்தோம். வேறு ஒருத்தர் காதிலும் அந்தக் குரல் விழவில்லை. அன்று பதினோரு லாரி சரக்கு ஏற்றிக்கொண்டு போயிருந்தது. போலீஸ் அத்தனையையும் மறித்து அட்டைப்பெட்டி அட்டைப்பெட்டியாகப் பிரித்தார்கள். கிணறு, சாக்கடை எதையும் விடவில்லை. ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

“எம்பொண்ணப் பெட்டியில வச்சு அனுப்பிட்டியேடி பாவி!” என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். அதுதான் அவளிடம் கடைசியாகப் பேசியது. அதன் பிறகு ஆறு வருடம் அதே ஸ்டூல்களில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தோம். அவள் கூரையை நீட்டுவாள், நான் முகத்தைப் பார்க்காமல் வாங்குவேன்.

முதல் ஆறு பொம்மையையும் கீறியது அவள்தான். சந்தேகமே இல்லை. என் பிள்ளை முகத்தைக் கீற இவளுக்கு யார் உரிமை கொடுத்தது? ஆனால் தம்பி, ஆறாம் வருடத்தோடு கண் மங்கி அவள் வேலையை விட்டுவிட்டாள். அடுத்த ஜூனுக்குள் கூரைகள் மூடியே மெஷினிலிருந்து வரத் தொடங்கிவிட்டன. பதினைந்தாம் ஸ்டூலில் பிறகு யாரும் உட்காரவில்லை. ஏழும் எட்டும் ஒன்பதும் யார் கை?

இருந்தால் என் மகளுக்கு இப்போது நாற்பத்தொன்று.

ஒன்பது பெட்டியையும் எனக்கு அனுப்புங்கள். கடைசியைத் திறக்காதீர்கள். நான் அவளிடம் நேருக்கு நேர் கேட்கப் போகிறேன்.

பதினான்கு


மார்ச் 10

அன்புள்ள அம்மா,

எல்லாவற்றையும் பஞ்சு வைத்து பார்சலில் அனுப்பியிருக்கிறேன். என் மேசைப் பூதக்கண்ணாடி ஒன்றும் கூட வைத்திருக்கிறேன், நுணுக்கமானது. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், திருப்பித் தர வேண்டாம்.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பொட்டலம் கட்டும்போது ஒன்பதாவதை ஆட்டிப் பார்த்தேன். இத்தனை நாள் உருண்டுகொண்டிருந்தது, நேற்று உருளவில்லை. பாரம் குறையவும் இல்லை. யாரோ பிடித்துக்கொண்டு உட்கார்ந்தது போல் இருந்தது.

நான் பயந்தவன் இல்லை அம்மா. இருந்தாலும் பார்சல் கடையை விட்டுப் போன பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

கண்ணாடிக்கடைக்காரன்


மார்ச் 24

தம்பிக்கு,

பார்சல் வந்தது. பேத்தியை அதைத் தூக்கி வரச் சொல்லி, பட்டப்பகலில் இரண்டு தெரு நடந்தேன். இந்த நாளுக்கென்று திட்டு வார்த்தைகளை முப்பத்தெட்டு வருடமாக அடுக்கி வைத்திருந்தேன். ஒன்றும் மறக்கவில்லை.

கதவைத் திறந்தாள். கண் சுத்தமாகப் போய்விட்டது. “யாரு?” என்றாள். நான் திட்ட வாயெடுத்தேன். “அண்ணியா?” என்றாள்.

“எப்படிடி தெரிஞ்சுது?”

“திட்டுறதுக்கு முன்னாடி மூச்ச இழுப்பீங்களே!”

முதல் வார்த்தை இப்படிப் போய்விட்டது. அடுக்கி வைத்ததெல்லாம் வீண். பேத்தி வேறு பக்கம் திரும்பிச் சிரிக்கிறாள்.

பொம்மைகளை ஒவ்வொன்றாக அவள் கையில் வைத்தேன். தடவினாள். மறுக்கவில்லை. “ஆமா அண்ணி, நான்தான். அன்னிக்கு முழுக்க எவ்வளவு முடியுமோ அவ்வளவு பெட்டியில வச்சு அனுப்புவேன். நம்ம பொண்ணு எந்த வீட்டுல இருந்தாலும் அந்த வீட்டுக்கு ஒரு பெட்டி போகாதா? புருவத்தப் பாத்துட்டு யாராவது எழுத மாட்டாங்களா? சீட்டுல உங்க நம்பர்தானே, கடிதாசி உங்களுக்குத்தானே வரும்னு இருந்தேன். வருஷா வருஷம் அவளுக்கு வயசு ஏறுமில்ல, அதான் மாத்தி மாத்திக் கீறினேன்.”

“கூரைக்குள்ள வச்சு மூடிட்டா யாருடி பாப்பாங்க?”

“பிள்ளைங்க எதத்தான் உடைக்காம விட்டுச்சுங்க? ஒரு வாரத்துல பேத்து எடுத்துடும்னு நெனச்சேன்.”

நாங்கள் செய்தது உடையாத பொம்மை தம்பி. அதைக்கூட யோசிக்காமல் டக் டக்கென்று அவளே மூடியிருக்கிறாள். அத்தனை தடவையும் நான் வாங்கி, சீட்டு வைத்து, அனுப்பியிருக்கிறேன்.

ஏழாவதைக் கொடுத்தேன். விரல் நின்றுவிட்டது. எட்டாவதையும் தடவினாள். “இது நம்ம பொண்ணுதான். ஆனா நான் செய்யல அண்ணி” என்றாள். “நானும் செய்யல” என்றேன். பேத்தி என் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஒன்பதாவதைக் கத்தியால் நெம்பினேன். குப்புற இல்லை, நிமிர்ந்து கிடந்தது. சீட்டு சுற்றவில்லை. முகத்தில் ஒன்றுமே இல்லை. உங்கள் கண்ணாடியை வைத்துப் பார்த்தேன், வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன். பேத்தியும் பார்த்தாள். கோடில்லை, புள்ளியில்லை, வழவழவென்று வெறும் பிளாஸ்டிக்.

“இங்க குடுங்க” என்று வாங்கினாள். கட்டைவிரலால் வெகுநேரம் தடவினாள். திடீரென்று விரல் அப்படியே நின்றது.

“மூச்சு படுது அண்ணி.”

“என்னடி உளர்ற?”

“விரல்ல படுது. வாயத் தெறந்து என்னமோ சொல்றா. கோவமா இல்ல அண்ணி. நம்ம ரெண்டு பேரு மேலயும் கோவமா இல்ல.”

நானும் விரல் வைத்துப் பார்த்தேன் தம்பி. எனக்கு ஒன்றும் படவில்லை. அன்று ஹாலில் எனக்கு ஒன்றும் கேட்காதது போலவேதான். அன்று, எனக்குக் கேட்காததால் இவள் பொய் சொல்கிறாள் என்று முடிவு கட்டினேன். இப்போது அவள் கையைப் பார்த்தேன். பொம்மையை அப்படி இறுக்கிப் பிடித்திருந்தாள், நகம் வெளுத்துப்போய். இந்தக் கையா விட்டிருக்கும்?

“யாரோ கூப்பிட்டாங்கன்னு சொன்னியே, ஆம்பளக் குரலா, பொம்பளக் குரலா?” என்று கேட்டேன்.

இதைக் கேட்க எனக்கு முப்பத்தெட்டு வருடம் ஆயிருக்கிறது. அவள் அழுததில் பதில் சொல்ல நேரமாயிற்று. பொம்பளக் குரல் என்றாள். வயசான குரல், பெயர் சொல்லிக் கூப்பிட்டது என்றாள். எங்கள் இரண்டு பேரின் இப்போதைய குரல் மாதிரியே இருந்ததாம்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

எட்டுப் பொம்மையும் திரும்பி வருகிறது. உங்கள் கூட்டத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்பதாவதை அனுப்ப மாட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். ஒரு வாரம் அவள் வீடு, ஒரு வாரம் என் வீடு என்று பேசியிருக்கிறோம்.

இனி எனக்கு எழுதாதீர்கள். எழுதுவதென்றால் அவள் விலாசத்துக்கு எழுதுங்கள், கீழே குறித்திருக்கிறேன். அவளுக்குக் கண் இல்லை. நான்தான் போய் வாசித்துக் காட்ட வேண்டும்.

இப்படிக்கு,
பதினைந்தின் அண்ணி