பதினோரு கிலோ பொய்

கோட்டைக்குப்பம்
ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணு தேவதர்ஷினிக்கு அம்மா எழுதுவது. அந்தக் குளிரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடியாக இருக்க எல்லையம்மன் துணையிருக்கட்டும். இங்கே உன் நைனா நலம். நான் நலமா இல்லையா என்பதை இதைப் படித்துவிட்டு நீயே முடிவு செய்துகொள். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் சொன்னால் முதல் வரியிலேயே கத்த ஆரம்பிப்பாய், நானும் பதிலுக்குக் கத்துவேன், விஷயம் நடுவழியில் நின்றுபோகும். காகிதம் என்றால் நான் சொல்லி முடிக்கும்வரை நீ கேட்டுத்தான் ஆக வேண்டும். உன்னோடு நர்ஸ் வேலை பார்க்கும் அமுதவல்லி லீவு முடிந்து சனிக்கிழமை டப்ளின் திரும்புகிறாளாம், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன்.

ஊர்ச் செய்தி முதலில். ஏரியில் இறால் சுமார்தான், நண்டு மட்டும் கொட்டுகிறது. உன் சித்தப்பா மகன் முரளி காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான். அந்தத் துறைமுகம் வேண்டாம் என்று கொடி பிடித்தவர் உன் நைனா, அதனால் அவனோடு பேசுவதில்லை. ஆனால் அவன் சம்பள நாளில் வாங்கிவந்த பிரியாணியை அவன் முகத்தைப் பார்க்காமலே சாப்பிட்டு முடித்தார்.

இனி என் விஷயம். நீ அனுப்பிய எடை மெஷின் நல்ல மெஷின், அதன்மேல் குற்றமே இல்லை. ஞாயிறுதோறும் அதில் ஏறி நின்று, பாதமும் நம்பரும் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாய், நானும் அனுப்பினேன். தொண்ணூற்றெட்டில் ஆரம்பித்து ஆறு மாதத்தில் எண்பத்தைந்துக்கு வந்தேன். வாரா வாரம் நீ கைதட்டுகிற பொம்மை அனுப்பினாய். அடியே, அந்தப் போட்டோவில் பாதம் நிஜம், நம்பர் பொய். மெஷினுக்கு நேர் மேலே உன் நைனா வலை மாட்டுகிற கயிறு தொங்குகிறதே, இடது கையால் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு வலது கையால் போட்டோ எடுத்தேன். இருபத்தெட்டு வருஷம் மீன் நிறுத்த கை, எவ்வளவு இழுத்தால் எவ்வளவு குறையும் என்று எனக்குச் சொல்லியா தர வேண்டும்? வாரத்துக்கு அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று குறைத்தேன். நீ சந்தேகப்படக் கூடாதே என்று நடுவில் இரண்டு வாரம் இருநூறு கிராம் ஏற்றியும் காட்டினேன். யாவாரத்தில் ஒரு நாளும் நான் இப்படிச் செய்ததில்லை, ஐஸோடு சேர்த்து நிறுத்த நாலைந்து நாளைத் தவிர. இப்போது இடது தோளில் துடுப்புப் போடுகிறவன் மாதிரி தசை ஏறிவிட்டது. ஆறு மாதத்தில் நான் செய்த ஒரே உடற்பயிற்சி அதுதான்.

எண்பத்தைந்துக்கு இறங்கினால்தான் குடலிறக்க ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்களே, போன மாதம் அதற்கு நாள் உறுதி செய்யப் பொன்னேரி கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் சோபியா என்னை மெஷினில் ஏறச் சொன்னார். ஏறி நின்று மேலே பார்த்தேன், கயிறு இல்லை, ஃபேன்தான் சுற்றிக்கொண்டிருந்தது. தொண்ணூற்றாறு. அவர் கையில் நீ அனுப்பிய எடைப் பட்டியல் இருந்தது. ஞாயித்துக்கிழமை எண்பத்தஞ்சு, புதன்கிழமை தொண்ணூத்தாறா, மூணு நாள்ல பதினோரு கிலோவா என்று கேட்டார். வழியில் ஒரு டீ குடித்தேன் என்றேன். உன் நைனா பக்கத்தில் நின்று கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார், பெரிய மனிதர்.

திட்டுவார் என்று நினைத்தேன், அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பேச ஆரம்பித்துவிட்டார். மூளையில் ஒரு இடம் இருக்கிறதாம், பிடித்ததைச் சாப்பிட்டால் அது அப்பாடா என்று சந்தோஷப்படுமாம். அதற்கு டோபமைன் என்று ஒரு சரக்கு சுரக்கிறதாம், உனக்குத் தெரிந்திருக்கும். உடம்பு ரொம்பப் பெருத்துவிட்டால் அந்த இடம் மெல்ல மழுங்கிப் போகலாமாம். ஒன்று தின்றால் வந்த சந்தோஷம் மூன்று தின்றாலும் வராது. ஆனால் ஆசை மழுங்காது, வாசனை வந்தாலே துள்ளும். எல்லாருக்கும் ஒரே மாதிரி இல்லை, ஆராய்ச்சி இன்னும் நடக்கிறது, ஆனா இது உங்க குணக்கேடு இல்லம்மா என்றார். நான் யோசித்துப் பார்த்தேன். டாக்டரம்மா, நண்டு ஜாஸ்தியா எறங்குனா வெல எறங்கிப்பூடும், பழைய துட்டப் பாக்கணும்னா ரெண்டு கூடை சேத்து விக்கணும், அந்த மாறியா என்று கேட்டேன். அவர் அப்படியே எழுதி வைத்துக்கொண்டார், அடுத்து வருகிறவர்களுக்குச் சொல்லப் போகிறாராம். உன் நைனா மட்டும் திரும்பும் வழியில் பஸ்ஸில் பலமாகச் சிந்தித்துவிட்டு, இன்னாமே, எனக்கும் மூளைல அதே கோளாறுதான், ஒரு குவார்ட்டர் பத்தவே மாட்டேங்குது என்றார். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

டாக்டர் சொன்னதைச் சோதிக்காமல் விட முடியுமா, அன்று சாயந்திரமே ஆறு வாழைக்காய் பஜ்ஜி வாங்கி உட்கார்ந்தேன். முதல் பஜ்ஜி நன்றாக இருந்தது. இரண்டாவது சூடாக இருந்தது. மூன்றாவது எப்படி இருந்தது என்று இன்றைக்கும் தெரியாது. ஆறாவதை முடித்துவிட்டுக் காகிதத்தைப் புரட்டி ஏழாவதைத் தேடினேன், வயிறும் நிறையவில்லை மனசும் நிறையவில்லை, எண்ணெய்க் கை மட்டும் மிச்சம். அப்போதுதான் பயந்தேன். யோசித்தால் என் நண்டுக் குழம்பையே நான் ருசித்துச் சாப்பிட்டு வருஷக்கணக்கில் ஆகிறது. ஊரே கேட்டு வாங்கித் தின்கிற குழம்பு, நான் அதைத் தின்னவில்லை, உள்ளே தள்ளியிருக்கிறேன். அன்றைக்குக் கொஞ்சம் அழுதேன்.

இனி என்னை நானே நிறுக்கக் கூடாது என்று முடிவு செய்தேன். உன் நைனாவை நம்ப முடியாது, ஒரு ஆம்லெட் போட்டுக் கொடுத்தால் எழுபது என்பார். எனக்கு ஒரு கிராமும் விட்டுத்தராத ஆள் இந்த ஏரிக்கரையிலேயே மனோரமா ஒருத்திதான். மார்க்கெட்டில் உட்காருகிற இடத்துக்காக நாலு வருஷமாக நாங்கள் பேசுவதில்லை என்பது உனக்குத் தெரியும். கூடை நிறுக்கிற பெரிய தராசும் அவளிடம்தான் இருக்கிறது. மானத்தை விட்டுப் போய் நின்றேன். இன்னாடி காந்தா, உன்ன நிறுத்து இன்னா வெலைக்கு விக்கறது என்று கேட்டாள். மார்க்கெட்டே சிரித்தது. புடவைக்கு அரைக் கிலோ கழி என்றேன். ஐஸுக்கே கழிக்க மாட்டேன், உன் பொடவைக்குக் கழிப்பனா என்றாள். அப்போதே தெரிந்துகொண்டேன், சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறேன். மூன்று திங்கட்கிழமை ஆகிறது. காலையில் ஏரிக்கரையோரம் தோணிரேவுப் பக்கம் நடக்கிறேன், சாயந்திரக் கடைப் பக்கம் போவதில்லை, சோற்றை மெதுவாகச் சாப்பிடுகிறேன். போன திங்கள் தொண்ணூற்று நான்கு கிலோ அறுநூறு. அவள் வாயால் குறைஞ்சிருக்கு என்று சொல்ல அவளுக்கு எவ்வளவு வருத்தம் தெரியுமா.

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பாய். எம்மா, நீ எம்பத்தஞ்சு காட்டு, மறுநாளே டிக்கெட் போடறேன், ஆபரேஷன் அப்போ நான் பக்கத்துல இருப்பேன் என்று நீதான் சொன்னாய். நீ போய் மூன்று வருஷம் நான்கு மாதம் ஆகிறது. எண்பத்தைந்து என்பது எனக்கு நீ வருகிற தேதி மாதிரி ஆகிவிட்டது, அதான் கயிற்றைப் பிடித்து இழுத்தேன். இப்போது டாக்டரம்மா ஆபரேஷனை ஆறு மாதம் தள்ளிவிட்டார். உன்னிடம் நானே சொல்கிறேன் என்று அவரிடம் தவணை வாங்கி மூன்று வாரம் ஓட்டிவிட்டேன். என் எண்பத்தைந்தை நம்பி நீ டிக்கெட்டும் போட்டுவிட்டாய், ஆனால் பன்னிரண்டாம் தேதி ஆபரேஷன் கிடையாது. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுப்பதானால் கொடுத்துவிடு, நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். ஆபரேஷன் இல்லாமல், சும்மா, உன்னை ஏமாற்றிய ஒரு குண்டு அம்மாவைப் பார்ப்பதற்காக மட்டும் வருவாயா? கோபமாக இருந்தால் கோபத்தோடே வா. இங்கே வந்து திட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

நீ நூறு வயசு நல்லா இருக்கணும், கண்ணு. நைட் டியூட்டி முடிந்து வெறும் வயிற்றில் தூங்காதே, காதை மூடிக்கொண்டு வெளியே போ. வருவதானால் சாக்லேட் கொண்டு வராதே. கொண்டு வந்தே தீருவேன் என்றால் மொத்தத்தையும் மனோரமா வீட்டில் கொடுத்துவிடு.

இப்படிக்கு,
உன் அம்மா
து. காந்தா