தலையாட்டினால் செல்லாது

பிப்ரவரி 3

லத்தீன் சட்டச்சொல் அகராதி ஒருவழியாக 'எஸ்' எழுத்துக்கு வந்துவிட்டது. பதினோரு ஆண்டுகள். பதிப்பாளர் நடுவில் இரண்டு முறை இதயச் சிகிச்சை செய்துகொண்டு எனக்காகக் காத்திருக்கிறார். இன்றைய வினைச்சொல் ஸ்போந்தேயோ: 'வாக்களிக்கிறேன்.'

மனைவியின் அக்காவுக்கு மார்ச்சில் முழங்கால் அறுவைச் சிகிச்சை. ஆறு வாரம் படியேறக் கூடாது. அவர் வீடு மூன்றாம் மாடியில், லிஃப்ட் கிடையாது. எங்கள் வீட்டில் கீழே கட்டில் போடக்கூடிய ஒரே அறை என் அகராதி அறைதான். கொடுக்கலாமா என்று மனைவி கேட்டாள். தலையாட்டினேன். எந்தப் பக்கம் என்று நானே கவனிக்கவில்லை.

பிப்ரவரி 8

ரோமானியர்கள் விவரமானவர்கள். ஒருவர் கேட்க வேண்டும்: 'ஸ்போந்தேஸ்னே?' — 'வாக்களிக்கிறாயா?' எதிரே இருப்பவர் அதே வினைச்சொல்லில், வாய்திறந்து, உடனே சொல்ல வேண்டும்: 'ஸ்போந்தேயோ.' முடிந்தது. பத்திரமும் வேண்டாம், முத்திரையும் வேண்டாம். தலையாட்டினால் செல்லாது என்று ஒரு சட்ட அறிஞர் எழுதியே வைத்திருக்கிறார். கல்யாணமானவராக இருந்திருப்பார்.

பிப்ரவரி 9

அறையை எப்போது ஒழிப்பது என்றாள். பார்க்கலாம் என்றேன்.

பிப்ரவரி 15

இந்த வினைக்கு வம்சம் பெரிது. ஸ்பான்சர், ரெஸ்பான்ஸ் எல்லாம் இதன் வாரிசுகள். மகளை மணமுடித்துத் தருவதாக அப்பன் வாக்களித்ததும் இந்தச் சொல்லால்தான்; ஐரோப்பிய மொழிகள் சிலவற்றில் மனைவிக்கான சொல்லே இதன் பேத்தி.

ரசித்து எழுதிக்கொண்டிருந்தபோது கூடத்தில் அவள் போனில் பேசுவது கேட்டது. "அவர் ஒண்ணும் சொல்லலைக்கா. நான் வேற இடம் பாக்கறேன்." தணிந்த குரல். திட்டியிருந்தால் நிம்மதியாக எழுதியிருப்பேன்.

பத்தொன்பதாயிரம் குறிப்பு அட்டைகள். வரிசை கலைந்தால்? — கலைந்தால் அடுக்கு. அட்டைக்கு முழங்கால் வலியா இருக்கு, மாடிக்குப் போகாமலிருக்க? அப்புறம் என்னடா உனக்கு?

பிப்ரவரி 17

என் மெய்ப்புகளைத் திருத்துவது அவள்தான். சாப்பாட்டு மேசையில் ஸ்போந்தேயோவைப் படித்து முடித்தாள். சிவப்புப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு நேர் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"எங்கக்காவுக்கு அந்த ரூமைக் குடுப்பீங்களா?"

"அதான் அன்னிக்கே—"

"ரெண்டாவது பத்தியைப் படிச்சிட்டுத்தான் கேக்கறேன்."

சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அதுவும் என்னைத்தான் பார்த்தது.

"குடுப்பேன்."

முப்பத்தோரு ஆண்டில் அவளுக்கு நான் சொன்ன, சட்டப்படி செல்லத்தக்க முதல் பதில். அவள் பென்சிலை எடுத்து ஒரு காற்புள்ளியை அடித்தாள்.

மார்ச் 1

பெட்டிகள் மாடிக்குப் போயின. 'எஸ்' மட்டும் படியில் கொட்டிப்போயிற்று.

மார்ச் 22

அக்கா நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளராக இருந்தவர். படுத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லையாம். கலைந்த 'எஸ்' அட்டைகளை அடுக்குகிறார். ஒரே சொல்லுக்கு நான் இரண்டு முறை விளக்கம் எழுதிய இடங்கள் பதினொன்று கண்டுபிடித்தார். இரண்டாவது விளக்கம்தான் மோசம் என்றும் சொன்னார்.

ஏப்ரல் 20

ஆறு வாரம் முடிந்தது. அக்கா வாசல்வரை கைத்தடியில்லாமல் நடக்கிறார். முறைப்படி எதிரே அமர்ந்து கேட்டேன்: "அடுத்த வாரம் ரூமைத் திருப்பிக் குடுப்பீங்களா?"

அட்டைகளிலிருந்து தலை நிமிரவில்லை. "பாக்கலாம் தம்பி."

வேறு வினை. ஒப்பந்தம் ஏற்படவில்லை.

மாடியிலிருந்து அடுத்த எழுத்தான 'டி'யின் பெட்டியை இறக்கி, அவர் கைக்கு எட்டுகிற மாதிரி கட்டிலருகே வைத்தேன்.