சுவர் சுடும் அறை

குற்றாலத்தில் நேற்றுக் காலை சாரல் தொடங்கிவிட்டது. தகவல் தந்தவர், அங்கிருந்து பஸ்ஸில் தென்காசிக்கு வந்து இறங்கிய பழ வியாபாரி. சான்றாகத் தோளில் கிடந்த துண்டைக் காட்டினார். காலையில் நனைந்தது, பிற்பகல் மூன்று மணிக்கும் காயவில்லை. எந்தச் செய்தியையும் இரண்டு பேரிடம் கேட்காமல் நான் எழுதுவதில்லை என்பது உனக்குத் தெரியும். ஆனால் அந்த ஈரத்துணி வாடைக்கு இரண்டாவது சாட்சி தேவைப்படவில்லை. உடனே நீ நினைவுக்கு வந்துவிட்டாய்.

நமக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகியிருந்தது. ஒரு நாள் நீ என்னிடம் மூன்று நாள் கேட்டாய். மூன்று நாள் சமைக்காமல், பரிமாறாமல், யார் கூப்பிட்டும் எழாமல் இருக்க வேண்டும். குற்றாலத்தில் அறை எடுத்துத் தங்கினால்தான் அது நடக்கும் என்றாய்.

அம்மா வாயில் கை வைத்தார். "ஏட்டி, மூணு மைல்ல இருக்க ஊருக்குப் போயி ரூம் எடுப்பாவளா? ஊரே சிரிக்கும்."

"சிரிக்கட்டும் அத்தே. சிரிச்சுக்கிட்டே ஆக்கித் தின்னட்டும்."

பிள்ளையைப் பார்த்துக்கொள்வதாக அம்மா ஒப்புக்கொண்டார். ஒரே நிபந்தனைதான்: இடம் கிடைக்காவிட்டால் ஐந்து மணி பஸ்ஸில் திரும்பிவிட வேண்டும். மறுபடி கேட்கக் கூடாது.

சீசன் உச்சத்தில் இருந்தது. அறை கிடைத்தால் போதும் என்று நான் நினைத்தேன். நீயோ நடந்து நடந்து ஒவ்வொன்றாகத் தள்ளினாய். முதல் பங்களாவில் சித்திர வேலை செய்த கட்டில், ஆளுயரக் கண்ணாடி, குளியலறையில் வெள்ளைப் பீங்கான் தொட்டி. அதைக் காட்டும்போது காவல்காரருக்கு அப்படி ஒரு பெருமை.

"அருவி அங்கன சும்மா கொட்டுது. இம்புட்டுப் பெரிய தொட்டி எதுக்கு அண்ணாச்சி, எருமைக்கா?" என்று கேட்டுவிட்டுப் படுக்கை விரிப்பை முகர்ந்தாய். முகத்தைச் சுளித்தாய். வெளியே வந்துவிட்டோம்.

அடுத்த இடத்தில் சன்னலைத் திறந்தால் பேரருவி தெரிந்தது. எனக்கு அதுவே போதும். நீ அருவியைப் பார்க்கவே இல்லை.

"துணி எங்கன காயப்போடுவீங்க?"

"வெயில் வந்தா காஞ்சிரும்மா."

"வெயில் எப்ப வரும்?"

மேனேஜர் யோசித்தார். "ஆவணியில."

உன் கணக்கு எனக்கு அப்போதுதான் புரிந்தது. ஒரு நாளைக்கு மூன்று முறை அருவியில் நிற்க வேண்டும் உனக்கு. கையில் இருந்தவை இரண்டே சேலைகள். சாரலில் எதுவும் காயாது. காயாவிட்டால், பிழிவதும் உதறுவதும் மாற்றிப் போடுவதுமாக அங்கேயும் வேலைதான்.

மூன்றாவது இடத்தையும் தள்ளினாய். மணி நாலேகால். நான்காவது இடம், சந்தைக்குப் பின்னால் ஒரு மாடி விடுதி. ஒரே ஒரு அறைதான் மிச்சம். "அது வேண்டாம் தாயி, அடுப்பங்கரை புகைக்கூண்டு அந்தச் சுவருலதான் ஏறுது. உள்ள வெக்கை. யாரும் எடுக்க மாட்டாவ" என்றார் உரிமையாளர். நீ உள்ளே போய்ச் சுவரில் உள்ளங்கையை வைத்தாய். பிறகு கன்னத்தை வைத்தாய். கண்ணை மூடிச் சிரித்தாய்.

"இதுதான்."

ஒரு மணி நேரத்தில் சேலை மொரமொரவென்று காய்ந்தது. மறுநாள் அதைப் பார்த்துவிட்ட பக்கத்து அறை வக்கீல் மனைவி, ஈரத் துணியோடு வாசலில் தயங்கி நின்றார். உன் ஓய்வு போயிற்று என்றே நினைத்தேன். நீ பாயை விட்டு எழவில்லை.

"உள்ள வந்து கொடியில போடுங்கக்கா. ஆனா நான் எந்திரிக்க மாட்டேன். வரும்போது கீழ இருந்து ஒரு காபி கொண்டாந்தீங்கன்னா குடிப்பேன்."

அவர் கொண்டுவந்தார். அவரைப் பார்த்து எதிர் அறை ஜவுளிக் கடைக்காரர் மனைவி மங்குஸ்தான் பழம் கொண்டுவந்தார். மூன்றாம் நாள் அந்த மாடியின் துணியெல்லாம் நம் அறையில் தொங்கியது. நடுவே நீ படுத்திருந்தாய், ராணி மாதிரி. நான் குனிந்து குனிந்துதான் உள்ளே வர வேண்டியிருந்தது.

"இந்தாருங்க, வக்கீலு வேட்டியில இடிக்காம வாங்க" என்றாய்.

வீடு திரும்பியதும் அம்மா கேட்டார், "மூணு நாளா என்னட்டி செஞ்ச?"

"ஒண்ணும் செய்யல அத்தே."

அவ்வளவு நிறைவாக நீ வேறெதையும் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மா உன்னையே பார்த்தார். "அடுத்த வருசம் நானும் வாரேன்" என்றார். வந்தார்.

செய்தி தேடி எத்தனையோ ஊரில் தங்கிவிட்டேன். இன்றும் அறைக்குள் நுழைந்தால் கட்டிலைப் பார்ப்பதில்லை. முதலில் கை சுவருக்குப் போகிறது. கூட வருபவர்கள் கேலி செய்கிறார்கள்.

நீ போன பிறகு இது இரண்டாவது சீசன். திருவேங்கடத்திலிருந்து நம் மகள் எழுதியிருக்கிறாள்: "மூணு நாள் போதும் அப்பா." அவள் மாமியார் சம்மதித்துவிட்டார். மாப்பிள்ளையும் வருகிறார். இரண்டு சேலை போதும் என்று பதில் போட்டுவிட்டேன். விடுதியை இப்போது நடத்துபவர் அந்த உரிமையாளரின் மகன். அந்த அறையைக் கேட்டு அவருக்கும் எழுதினேன். காலியாக இருக்கிறதா என்பது மட்டும் இன்னும் உறுதியாகவில்லை. வியாழக்கிழமைத் தபாலில் தெரியும்.