அப்பாவின் கொம்பியூட்டருக்கு ஒரு காவல்

கொட்டாஞ்சேனை,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து.

அன்பு மகள் டெனிஷாவுக்கு,

கொச்சிக்கடை அந்தோனியார் உன்னையும் மருமகனையும் மெல்பேர்ண் குளிரில் காத்துக்கொள்ளட்டும். இங்கே நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், மனசுதான் சரியில்லை. போனில் நீ கேட்கும்போதெல்லாம் ஒன்றுமில்லை என்று சமாளித்தேன், ஏனென்றால் நான் போனை எடுத்தாலே அப்பா பக்கத்துக் கதிரையில் வந்து இருந்துவிடுகிறார். அதனால் எழுதி, மெல்பேர்ண் வருகிற எதிர்வீட்டு றஷ்மியிடம் கொடுத்துவிடுகிறேன். அப்பாவின் கொம்பியூட்டருக்கு எந்த அன்ரிவைரஸ், எந்த பயர்வோல் நல்லது என்று நீதான் முடிவுசெய்து சொல்லவேண்டும். நீ அந்தத் துறையில் இருக்கிறாய் என்பதற்காக மட்டும் கேட்கவில்லை பிள்ளை, அப்பாவுக்குத் தன் முடிவில் இருந்த நம்பிக்கை போய்விட்டது.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். நீ வந்து நின்றபோது போட்டுத் தந்த அன்ரிவைரஸின் தவணை பெரிய வெள்ளிக்கு முன்னர் முடிந்துபோனது. கொம்பியூட்டரைத் திறந்தால் புதுப்பிக்கச் சொல்லி ஒரு சிவப்புப் பெட்டி வந்து நிற்கும். உன்னைக் கேட்போம் என்றேன், பிள்ளைக்கு ஏன் கரைச்சல் என்று சொல்லிவிட்டு அப்பா தானே இன்ரர்நெற்றில் தேடத் தொடங்கினார். கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்த மனிசன், எதையும் ஒப்பிட்டுப் பார்க்காமல் எடுக்கமாட்டார், உனக்குத் தெரியும்தானே. எது வேகமானது, எது பழைய மெசினைப் பாரமாக்காது என்றெல்லாம் வாசித்தார். கடைசியில் எல்லா வசதியும் உள்ள ஒன்றை ஆயுளுக்கும் இலவசமாகத் தருகிறோம் என்று ஒரு பக்கம் அகப்பட்டது. அதைப் போடும்போது கொம்பியூட்டரில் ஏற்கனவே இருக்கிற காவலையும் பயர்வோலையும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் தடுக்கும் என்று அதில் எழுதியிருந்தது. அப்பா ஒரு வரி விடாமல் வாசித்து அப்படியே செய்தார். பச்சை நிறத்தில் சரி அடையாளம் ஒன்று வந்தது. "பாத்தியே பிறிஜெற், இனிப் பயமில்லை" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

அந்தக் கொம்பியூட்டரில்தான் அப்பாவிடம் மொழிபெயர்க்க வந்தவர்களின் கடுதாசிகள் எல்லாம் இருந்தன. அதில் இரத்தினசிங்கம் அண்ணையின் கோப்பும் ஒன்று. அவரை நீ கண்டதில்லை. பாமன்கடைப் பகுதியில் தனியாக இருக்கிறார். யுத்தம் முடிவதற்கு முந்தின வருடம் அவருடைய ஒரே மகன் வாகீசன் வேலைக்குப் போனவன் வீடு திரும்பவில்லை. மனைவியும் அந்த ஏக்கத்திலேயே போய்ச் சேர்ந்தார். வெளிநாட்டில் ஓர் அமைப்புக்கு அனுப்புவதற்காக, பொலிசில் கொடுத்த முறைப்பாட்டையும், மகனைப் பற்றித் தன் கையால் எழுதிய விபரத்தையும் இங்கிலீசில் மாற்றித் தரச்சொல்லிக் கொண்டுவந்தார். அன்றைக்கு அவன் போட்டிருந்த சேட்டின் நிறம், வீட்டில் கூப்பிடுகிற பெயர், புருவத்தில் சின்ன வயதுத் தழும்பு, எல்லாம் அதில் இருந்தது. இடது புருவம் என்பதை அப்பா வலது என்று தட்டிவிட்டார். அச்செடுத்த பிறகுதான் கண்டார். மையும் தீர்ந்துபோனதால் பேனையால் திருத்தி, பக்கத்தில் ஒப்பம் வைத்துக் கொடுத்தார். கொம்பியூட்டரில் இருந்தது பிழையாகவே கிடந்தது.

கொஞ்ச நாள் போக, ஒரு பின்னேரம் அண்ணை கேக் பெட்டியோடு வந்து நின்றார். அந்த மனிசன் சிரித்து நான் பார்த்ததே இல்லை. "தங்கச்சி, வாகீசன் இருக்கிறான். உயிரோட இருக்கிறான்" என்றார். யாரோ ஒருவன் போன் எடுத்து, உங்கள் மகன் எங்கள் காவலில்தான் இருக்கிறான், ஒருவருக்கும் மூச்சு விடாதீர்கள், வெளியே எடுக்கச் செலவிருக்கிறது என்று சொன்னானாம். அண்ணை மனைவியின் தாலிக்கொடியை விற்று அனுப்பிவிட்டார். அவன் சொல்வது உண்மை என்று எப்படித் தெரியும் என்று அப்பா கேட்டார். "அவன்ர வீட்டுப் பேரைச் சொன்னான் தம்பி. சேட்டின்ர நிறத்தைச் சொன்னான். புருவத்துத் தழும்பையும் சொன்னான். வலப்பக்கம் எண்டு மாறிச் சொல்லிப்போட்டான், எதிரில நிண்டு பாக்கிறவனுக்கு அப்பிடித்தானே தெரியும்" என்றார். நான் தேத்தண்ணித் தட்டோடு நின்றேன். அப்பாவின் முகம் செத்துப்போனது. வலது புருவம் என்று இந்த உலகத்தில் ஒரேயோர் இடத்தில்தான் எழுதியிருந்தது.

அண்ணை போனதும் அப்பா சந்தியில் கொம்பியூட்டர் திருத்துகிற ஹபீசைக் கூட்டிவந்தார். அவன் பார்த்துவிட்டு, அது அன்ரிவைரசே இல்லை, உள்ளே இருந்ததை எல்லாம் எடுத்து வெளியே அனுப்பிக்கொண்டு இருந்திருக்கிறது என்றான். "அங்கிள், இருந்த காவல நிப்பாட்டச் சொல்ற எதையும் போடப்போடாது. அந்த ஒரு வசனத்துலயே வெளங்கியிருக்கணும்" என்று சொன்னான்.

அடுத்த நாள் நாங்கள் இரண்டு பேரும் பாமன்கடைக்குப் போனோம். அங்கே போய் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார், போன் எடுத்தவன் கள்ளன், அவனுக்குத் தெரிந்ததெல்லாம் என் வீட்டிலிருந்து போனது அண்ணை என்று. அண்ணை ஏசுவார், அடித்தாலும் அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அவர் அப்பாவைக் கதிரையில் இருத்தினார். பிறகு, "நீங்கள் இதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம், தம்பி" என்றார். அவ்வளவுதான்.

பொலிசில் சொல்லியிருக்கிறோம், எழுதி எடுத்தார்கள். அண்ணையின் போன் நம்பரை மாற்றச் சொன்னார்கள். அண்ணை மாட்டேன் என்றுவிட்டார். மகன் காணாமல் போன நாளில் வைத்திருந்த அதே நம்பர், அது ஒன்றுதான் அவனுக்கு மனப்பாடம் என்கிறார். அதனால் அந்தக் கள்ளன் தொடர்ந்து போன் எடுத்தான், அண்ணையும் தொடர்ந்து பதில் சொன்னார். காசு அனுப்பவில்லை, ஆனால் போனை வைக்கவும் இல்லை. ஏன் அண்ணை என்று கேட்டேன். "அவன் கள்ளன் எண்டு தெரியும் தங்கச்சி. ஆனா பிள்ளை சாப்பிட்டான், பிள்ளை நித்திரை எண்டு சொல்லுறான். வேற ஆர் எனக்கு அப்பிடிச் சொல்லுறது?"

அப்பா வேலையை நிறுத்திவிட்டார். தன்னிடம் வந்த மற்றவர்கள் எல்லோருக்கும் போன் எடுத்து, உங்கள் கடுதாசிகள் களவுபோய்விட்டன, யாராவது எதையாவது சொன்னால் நம்பாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சிலர் தூஷணத்தால் ஏசினார்கள். ஹபீஸ் கொம்பியூட்டரை முழுதாக அழித்துப் புதிதாக்கித் தந்தான். அதோடு வருகிற காவலையும் பயர்வோலையும் நிறுத்தாமல், சொல்கிற நேரத்தில் புதுப்பித்துக்கொண்டு வந்தாலே வீட்டுக்குப் போதும், காசு கொடுத்து வாங்குவதென்றால் அந்தக் கொம்பனியின் சொந்தப் பக்கத்தில் மட்டும் வாங்குங்கள், பிறத்தியாரின் கடுதாசிகளை வேறு டிஸ்க்கில் போட்டுக் கழற்றி வையுங்கள் என்கிறான். அப்பாவோ இரண்டு அன்ரிவைரஸ் சேர்த்துப் போடப்போகிறேன் என்று நிற்கிறார். இரண்டு போட்டால் ஒன்றோடொன்று அடிபடும் அங்கிள் என்றால் அவனையும் நம்புகிறாரில்லை. பிளக்கைக் கழற்றி, மேசைக்கு மேலே சீலை போட்டு மூடியிருக்கிறார். நீ சொன்னால்தான் கேட்பார்.

போன ஞாயிறு பாமன்கடைக்குச் சாப்பாடு கொண்டுபோனோம். நாங்கள் இருக்கும்போதே அந்தக் கள்ளன் போன் எடுத்தான். இந்த முறை அண்ணை, "பிள்ளையை ஒருக்காக் கதைக்க விடு, ஒரு சொல்லுப் போதும்" என்று கேட்டார். அவன் காசு என்று தொடங்கினான். அண்ணை கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டு, தன் விரலாலேயே போனை நிறுத்தி, அந்த நம்பர் திரும்ப வராதபடி தடுத்துத் தரச்சொல்லி அப்பாவிடம் நீட்டினார். அப்பா செய்துகொடுத்தார். அண்ணை எங்களைப் பார்த்து, "முந்தி பிள்ளையை ஆரோ கொண்டுபோனாங்கள். இண்டைக்கு நானே அனுப்பிப்போட்டன்" என்றார். அப்பாவும் நானும் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமல் அப்படியே இருந்தோம்.

யேசுவின் இரக்கமும் மாதாவின் நிழலும் உன் வீட்டை விட்டு விலகாதிருக்கட்டும் மகள். மருமகனுக்கு எங்கள் ஆசீர்வாதம். நீ போன் எடுக்கும்போது கொம்பியூட்டரைப் பற்றி எடுத்த எடுப்பில் தொடங்காதே, சாப்பிட்டீங்களா அப்பா என்று கேள். நான் எழுதியது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளாதே. அவர் தானாகச் சொல்லட்டும், எவ்வளவு நேரம் எடுத்தாலும் நீ போனை வைத்துவிடாதே.

உன் அன்பு அம்மா,
பிறிஜெற்