பழைய இடத்துக்கே போகும் ஈக்கள்

உன் தேன்பெட்டிகளை என் தென்னை விளைக்குக் கொண்டுவந்து மூன்று நாளாகிறது. ஈக்கள் இன்னும் உன் வீட்டுக்குத்தான் போகின்றன. இன்று காலை போய்ப் பார்த்தேன். பெட்டி வைக்க மயிலாடியிலிருந்து நீ வாங்கி வந்து நட்ட நான்கு கல்கால்களின் மேலும் மொய்த்துக்கொண்டிருந்தன. இரண்டு விளை தள்ளிப் பெட்டியை மாற்றினால் இப்படித்தான் ஆகும் என்று எனக்குத் தெரியும். ஆனால் வீட்டைப் பூட்டிவிட்டு விமானம் ஏறும் அவசரம் உன் மகனுக்கு. சாயங்காலம் ஒரு காலிப் பெட்டியில் தேனடை வைத்து, மிச்ச ஈக்களைச் சேர்த்து எடுத்து வரவேண்டும்.

இதே கல்கால்களின் முன்னால்தான் ஒரு நாள் என் மானம் போனது.

ஐரோப்பாவிலிருந்து மூன்று மாணவர்கள் நம் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கத்துக்கு வந்திருந்தார்கள். வெளிநாட்டு விவசாயச் சங்கம் ஒன்றுக்கு ஒரு மாதம் ஆலோசனை சொல்லி அறிக்கை எழுதினால்தான் அவர்களுக்கு மதிப்பெண். நான் சங்கச் செயலாளர். குவைத்தில் நர்ஸாக இருந்துவிட்டு வந்த நீ மொழிபெயர்ப்பாளர். புழுக்கள் அடைக்குள்ளேயே செத்துப்போகும் நோய் வந்த வருடம் அது. பாதிப் பேரின் பெட்டிகள் காலி. இன்னொரு பருவம் இப்படியே போனால் சங்கத்தை மூடவேண்டியதுதான்.

ஆனால் மாணவர்கள் வீடு வீடாகப் போய், என்ன சிரமம் என்று கேட்டபோது, எல்லோரும் சாயாவும் முந்திரிக்கொத்தும் நீட்டி ஒரே பதிலைத்தான் சொன்னார்கள். "ஒரு கொறையும் இல்ல." கடல் தாண்டி வந்த பிள்ளைகளிடம் வீட்டுக் கஷ்டத்தையா சொல்வது? நீயும் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னாய். அவர்களும் எழுதிக்கொண்டார்கள். நல்ல நிலையில் உள்ள சங்கம், புதிய லேபிள் ஒட்டி ஆன்லைனில் விற்கலாம் என்று முதல் வரைவு தயாராகிவிட்டது.

கடைசியாக என் வீட்டு முறை வந்தது. என் பெட்டிகளில் உயிர் இல்லை. செயலாளர் வீட்டிலேயே இப்படியா என்று கேட்டுவிடுவார்களே என்ற வெட்கம். விருந்துக்கு அடுத்த வீட்டில் தட்டு இரவல் வாங்குவதுபோல, முந்தின நாள் அந்தியில் உன்னிடம் நான்கு பெட்டி கேட்டேன்.

"வேண்டாம்ட்டி, ஈ திரும்பி வந்திரும்" என்றாய்.

"ஒரு நாளுதானேட்டி" என்றேன். நீ ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனோம்.

மறுநாள் காலை, என் வீட்டுக்குப் போகும் வழியில் உன்னைக் கூட்டிப்போக மாணவர்கள் வந்தார்கள். நானும் கூட வந்தேன். வெறும் கல்கால்களில் ஈக்கள் கொத்துக்கொத்தாகத் தொங்கின. கண்ணாடி போட்ட அந்தப் பெண், இவை ஏன் இங்கே இருக்கின்றன, பெட்டிகள் எங்கே என்று கேட்டாள். நீ என் பக்கம் திரும்பினாய்.

"இப்பம் நான் என்ன சொல்லட்டு? நீயே சொல்லு."

என்ன பொய் சொன்னாலும் நீ அதை மொழிபெயர்த்திருப்பாய். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "உள்ளதச் சொல்லுட்டி" என்றேன்.

சொன்னாய். என் காலிப் பெட்டிகளை, மற்றவர்களின் காலிப் பெட்டிகளை, சாயாவோடு வந்த பதிலின் அர்த்தத்தை. அந்தப் பெண் கோபப்படவில்லை. நோட்டில் பல பக்கங்களைக் குறுக்கே அடித்துவிட்டு, மறுபடியும் முதல் வீட்டிலிருந்து தொடங்கலாமா என்று மட்டும் கேட்டாள். இந்த முறை நீ யாரிடமும் என்ன சிரமம் என்று கேட்கவில்லை. வாசலிலேயே, "சாயா பெறவு குடிக்கலாம். பெட்டியத் தொறந்து காட்டுங்க" என்றாய்.

அறிக்கையில் பாதி நமக்கு ஆகாதது. குளிர்காலத்தில் பெட்டியைக் கம்பளியால் போர்த்தச் சொல்லியிருந்தார்கள். நீ அதைப் படித்துவிட்டு நாள் முழுக்கச் சிரித்தாய். ஆனால் நோய்க்குத் தப்பிய ஈக் குடும்பங்களைப் பிரித்து மற்றவர்களுக்குக் கொடுங்கள் என்ற ஒன்று சரியாக இருந்தது. தப்பியவற்றில் வலுவானவை உன்னுடையவை. இன்று ஊரில் தேன் எடுக்கும் பல வீடுகளில் இருப்பது உன் ஈக்களின் வம்சம்தான். சங்கமும் இருக்கிறது.

உன் கடைசி மாதத்தில் ஒரு நாள் பார்க்க வந்தேன். மெலிந்திருந்தாய். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஒரு கொறையும் இல்லட்டி" என்றாய். சாயா தந்தாய். தட்டில் முந்திரிக்கொத்து வைத்தாய். நானும் தின்று, குடித்து, ஊர்க்கதை பேசிவிட்டு வந்தேன்.

ஸ்கேன் ரிப்போர்ட்டுகளை நீ போன பிறகுதான் உன் மகன் பீரோவிலிருந்து எடுத்தான். ஒரு வருடப் பழையவை. நர்ஸான உனக்கு அவற்றைப் படித்துச் சொல்ல ஆள் தேவைப்பட்டிருக்காது. எனக்கு உன்மேல் கோபம் உண்டு. விருந்தாளிக்குச் சொல்கிற பதிலை எனக்கு ஏன் சொன்னாய்? அதைவிடப் பெரிய கோபம் என்மேல்தான். தட்டு வந்தபோதாவது எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

நேற்று உன் மகன் துபாயிலிருந்து கூப்பிட்டான். பெட்டிகள் பத்திரமா என்று கேட்டுவிட்டு, "நீங்க எப்படி இருக்கிய, சித்தி?" என்றான்.

ஒரு குறையும் இல்லை என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

"உனக்க அம்மை இல்லாம எனக்கு முடியல மக்கா" என்றேன்.