சும்மா நிற்கும் ஒரு வரி

மாப்ளே,

கீழ்க்கடையில் காலையிலேயே ஏலக்காய் மூட்டைகளைப் பிரித்துவிட்டார்கள். அந்த வாசனை படியேறி நம் கம்ப்யூட்டர் அறைக்குள் வந்த நேரத்தில்தான் திரையில் பழைய பிழையும் வந்து நின்றது. இன்று ஏல நாள், பட்டியல் அச்சாக வேண்டும். வந்த எரிச்சலில் முதலில் உன்னைத்தான் திட்டினேன். பதில் சொல்ல நீ இல்லை என்பது அப்புறம்தான் உறைத்தது.

தேவாரம் ஊரிலிருந்து வேலைக்கு வரும் செல்வி, பட்டியலை அச்சுக்கு வடிவமைக்க நீ எழுதிய எக்ஸ்எஸ்எல்டி நிரல் கோப்பைச் சுத்தம் செய்கிறேன் என்று, ஒன்றுக்கும் உதவாத ஒரு வரியை நேற்று எடுத்துவிட்டிருக்கிறாள்.

அந்த வரி வந்த கதை உனக்கு மறந்திருக்காது. சாதாரணமாக ஓட்டினால் ஒழுங்காக வந்த பட்டியல், வேகத்துக்காகக் கம்பைல் செய்து ஓட்டியதும் 'விவசாயி பெயரை வைத்திருக்கும் வேரியபிள் இன்னும் உருவாகவில்லை' என்று படுத்துக்கொண்டது. நான் வரிகளை மேலும் கீழும் மாற்றி மாற்றிச் சலித்துப்போனேன். நீ டீக் கிளாசோடு நின்று சிரித்தாய்.

"நீ எழுதுன வரிசைய அது எங்கடா பாக்குது? யாருக்கு யாரு வேணும்னு பாத்து அதுவா வரிசை கட்டுது. பட்டியலுக்கு விவசாயி பேரு வேணும். ஆனா அதைக் கேக்குறது உள்ளுக்குள்ள இருக்குற டெம்ப்ளேட்டு. கம்பைலர் கண்ணுக்கு அது தெரியல. பேரு வர்றதுக்கு முன்னாடியே பட்டியலைக் கெளப்பிருது."

பட்டியலுக்கான வேரியபிளுக்குள் பெயருக்கான வேரியபிளை வெறுமனே ஒருமுறை கூப்பிட்டு வைத்தாய். வந்ததை எதற்கும் பயன்படுத்தவில்லை.

"இது என்ன சோலிடா பாக்குது?" என்றேன்.

"ஒரு சோலியும் பாக்காது. அவன் வர்ற வரைக்கும் நில்லுன்னு சொல்லும். அம்புட்டுதான்."

நீ செத்த அன்று அதையே நான் போனில் கத்தினேன். ஒரு எஸ்டேட்டில் பிரிண்டர் மாட்டப் போடிமெட்டுக்கு மேலே போயிருந்தேன். நெஞ்சுவலியில் போய்விட்டாய் என்று தகவல் வந்ததும் ஜீப்பில் இறங்கினால், வளைவில் மண் சரிந்து கிடந்தது. உன் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, பாதி வழியில மாட்டிக்கிட்டேன். நான் வர்ற வரைக்கும் பொறுங்கண்ணே."

"பொழுது எறங்குதுல்லப்பா. சொந்தக்காரங்க எல்லாரும் வந்தாச்சு. இன்னும் யாரு வரணும்னு கேக்குறாக."

யார் வரணுமாம்! தினமும் உன் எதிரே உட்கார்ந்து சோறு தின்றவன் வரணும். நான் வந்து சேர்ந்தபோது வீட்டைக் கழுவிவிட்டிருந்தார்கள். வாசலில் ஈரம் காயவில்லை. அண்ணனைக் குறை சொல்ல மாட்டேன். சொந்தங்களுக்கு நடுவே நான் உனக்கு யார் என்பது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

வரியைத் திரும்பப் போட்டேன். பட்டியல் ஓடியது. செல்வி எட்டிப் பார்த்தாள்.

"இது ஒண்ணுமே பண்ணலையேண்ணே?"

"அவன் வர்ற வரைக்கும் நில்லுன்னு சொல்லுது, தாயி."

உன் வீட்டில் அன்றைக்கு அப்படிச் சொல்ல ஒருத்தர் இல்லை. உன் முகத்தைக் கடைசியாகப் பார்க்காமலேயே நான் இருந்துகொண்டிருக்கிறேன், மாப்ளே.