பச்சையாகவே நின்ற பக்கம்

மே 4, திங்கள்

காலையிலேயே புழுக்கம். தம்போய் சாலையில் வழக்கமான நெரிசல். ஆபீஸ் படியில் கீழே இருக்கும் டயர்க் கடையின் நாற்றம்.

வாங்க வேண்டியவை: அம்மா கைக்குப் பிளாஸ்டர். ஐஸ் தட்டு (பழையது விரிசல்; தண்ணிக்குப் பதில் அம்மா ஐஸ்தான் சப்பலாம்). பைக் பிரேக் பார்க்கணும்.

கோட் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க சனி ஞாயிறு உட்கார்ந்து எழுதிய டெஸ்டுகளை இன்று சேர்த்தேன். டயாலிசிஸ் சென்டருக்கு நாங்கள் செய்யும் சிஸ்டம். எந்த நோயாளிக்கு எந்த நாள், எந்த மெஷின் என்று இனி அதுதான் சொல்லப்போகிறது. கோட் சேர்த்ததும் பைப்லைன் தானாக ஓடும். டெஸ்டுகளை நடத்தும். கோடில் எவ்வளவு பங்கை டெஸ்டுகள் தொட்டன என்று கவரேஜ் ரிப்போர்ட் எடுத்து ஒரு பக்கத்தில் போடும். ஆசையோடு பக்கத்தைத் திறந்தேன். 84 சதவீதம், பச்சை. போன வாரமும் 84தான். இரண்டு நாள் உழைப்புக்கு அரைப் புள்ளிகூட ஏறவில்லை. எரிச்சல்.

குணா அண்ணன், எங்கள் டீம் லீட், தினமும் செய்வதுபோல் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்சப் குரூப்பில் போட்டார். "நைஸ் லா, டீம்." வரிசையாகக் கட்டைவிரல்கள். நானும் ஒன்று போட்டுவைத்தேன்.

மே 5, செவ்வாய்

அம்மாவுக்கு டயாலிசிஸ் நாள். இருட்டோடு கொண்டுபோய் விட்டேன். வாசலில் நின்று, "தண்ணி ஒரு மடக்கு கூட குடிக்கல, சத்தியமா" என்றார். பையில் மைலோ பாட்டில் இருந்தது. பிடுங்கிக்கொண்டேன்.

இந்த சென்டர்தான் எங்கள் கஸ்டமர். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் அரை மணியில் எல்லா நாற்காலிக்கும் செய்தி போய்விடும். ஆபீஸிலும் மூச்சு விடவில்லை. நான் எதைச் சொன்னாலும் அம்மாவுக்காகச் சொல்கிறேன் என்பார்கள்.

மதியம் வரை அந்த 84 மண்டையைக் குடைந்தது. ரிப்போர்ட்டுக்குள் போய் கோப்பு கோப்பாகப் பார்த்தேன். நோன்புப் பெருநாளுக்குப் பிறகு எழுதிய ஒன்றுமே அதில் இல்லை. மெஷின் பழுதானால் நோயாளிகளை எங்கே மாற்றுவது என்று முடிவு செய்யும் ஃபோல்டர் முழுக்கக் காணோம்.

பைப்லைன் லாக்கில் விஷயம் கிடந்தது. ரிப்போர்ட் எடுக்கும் கருவியின் புது வெர்ஷன் வேறொரு ஃபோல்டரில் எழுதுகிறது. பக்கத்தில் ஏற்றும் கட்டம் பழைய இடத்தில் தேடுகிறது, கிடைக்கவில்லை, தோற்கிறது. தோற்றாலும் கண்டுகொள்ளாமல் மேலே போ என்று யாரோ ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். அதனால் பில்ட், அதாவது மொத்த ஓட்டம், பச்சை. பக்கத்தில் பழைய ரிப்போர்ட் அப்படியே. இத்தனை வாரமாக தினமும் ஒரே படத்துக்குக் கட்டைவிரல் காட்டிக்கொண்டிருந்திருக்கிறோம்.

வரியைச் சேர்த்தவன் எங்கள் டீம் பையன் ஹபிஸ். பெருநாள் லீவுக்கு முந்தின நாள். கேட்டதும் "அலமாக், காக்" (ஐயோ, அக்கா) என்று தலையில் கை வைத்தான். அன்று அந்தக் கட்டம் தோற்றுத் தோற்று பில்ட் சிவப்பாகவே நின்றதாம். பில்ட் சிவப்பாக இருந்தால் யாரும் ஊருக்குக் கிளம்பக்கூடாது என்பது எங்கள் ஆபீஸ் வழக்கம். சொந்த ஊரான கோத்தா பாருவுக்குப் பஸ் போய்விடும் என்று அந்தக் கட்டத்தின் வாயை அடைத்துவிட்டான். திரும்பி வந்து அந்த வரியை எடுக்க மறந்தாயிற்று. அவனைத் திட்ட மனம் வரவில்லை. கட்டைவிரல் காட்டியவர்களில் நானும் உண்டே.

மே 6, புதன்

மழை. மதியச் சாப்பாடு ரொட்டி சானாய், நின்றபடி.

கோடின் தனிப் பிரதி ஒன்றில் எல்லாம் சரி செய்து ஓட்டிப் பார்த்தேன். உண்மையான கணக்கு 57. மெஷின் பழுது ஃபோல்டர் மேலிருந்து கீழ் வரை சிவப்பு. ஒரு டெஸ்ட்கூட அதைத் தொடவில்லை.

குணா அண்ணனிடம் போனேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

"தேவி, வெள்ளிக்கிழம சென்டர்ல இந்தப் பக்கத்தோட லிங்க் கொடுக்கணும். அக்ரிமெண்ட்லயே இருக்கு. இப்பப் போயி இத காட்டினா எப்படி?"

"காட்டித்தான் ஆகணும் அண்ணே. 84ங்கிறது பெருநாளுக்கு முந்தின கதை."

"அந்த ஒரு ஃபோல்டர கணக்குலேர்ந்து தூக்கிடு. எல்லாரும் செய்றதுதான். வெள்ளி முடியட்டும், அப்புறம் மெதுவா டெஸ்ட் எழுதிக்கலாம்."

"மத்தது எதுன்னாலும் தூக்கிடுவேன். இது வேணாம் அண்ணே."

"நீ ஒருத்திதான் நியாயவாதியா? மேல பாஸுக்குப் பதில் சொல்றது நான்."

கதவைத் திறந்து வெளியே வந்துவிட்டேன். இன்னும் பேசியிருந்தால் அழுதிருப்பேன், ஏன் என்று கேட்டிருப்பார். ஆனால் அந்த ஃபோல்டரைத் தூக்கப்போவதில்லை. எழுதி வைக்கிறேன், நாளைக்கு மனம் மாறினால் படித்துக்கொள்ள.

மே 7, வியாழன்

அம்மாவை விட்டுவிட்டு நேரே ஆபீஸ். யாரும் வரவில்லை. ஏர்கான் சொட்டுகிறது, வாளி வைத்தேன்.

என் லேப்டாப்பில் சென்டரைப் போலவே ஒரு காலை ஷிஃப்டை அமைத்தேன். ஒரு மெஷினைப் பழுது என்று குறித்தேன். நோயாளி ஒழுங்காக வேறு நாற்காலிக்கு மாறினார். அதே காலையில் இன்னொன்றையும் பழுதாக்கினேன். நோயாளி ஒருவரின் பெயர் எந்த நாற்காலியிலும் இல்லை. காத்திருப்போர் வரிசையிலும் இல்லை. மறுபடி செய்தேன். மறுபடி காணாமல் போனார்.

வாளியை ஊற்றிவிட்டு வந்து குணா அண்ணனுக்காகக் காத்திருந்தேன்.

குணா அண்ணன் வந்ததும் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பினேன். அவரே அமுக்கிப் பார்த்தார். இரண்டு மூன்று தரம். காப்பி ஆறிப்போனது.

"இந்த ஆளு எங்க போனாரு?" என்றார்.

"அதான் அண்ணே. டெஸ்ட் இருந்திருந்தா அன்னிக்கே மாட்டியிருக்கும்."

நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "சரி, ஏத்து. பாஸ்கிட்ட நான் பேசிக்கிறேன். ஏச்சு வாங்குறது நமக்குப் புதுசா என்ன."

இன்னொருவர் ஒப்புதல் தராமல் கோட் சேராது. ஹபிஸ் தந்தான். கீழே ஒரு வரி: மன்னிச்சிருங்க, காக். அவன் அன்று சேர்த்த வரியை எடுத்தாயிற்று. ரிப்போர்ட் ஏறவில்லை என்றால் இனி பில்ட் சிவப்பு, யார் பஸ்ஸைத் தவறவிட்டாலும் சரி. பக்கத்தின் தலையில் தேதி பெரிதாகத் தெரியும்படி வைத்தேன். பைப்லைன் ஓடி முடிந்து 57 ஏறியது. அசிங்கமான மஞ்சள். நன்றாகத்தான் இருந்தது எனக்கு.

இன்று குரூப்பில் படம் வரவில்லை.

மே 8, வெள்ளி

வெயில். சென்டர் மீட்டிங். குணா அண்ணன், நான். அங்கே சிஸ்டர் ரோஸ்னா, நர்ஸ்களுக்கு எல்லாம் தலைவி. என்னை அம்மாவோடு பார்த்திருக்கிறார். தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நல்லவர்.

குணா அண்ணனே பக்கத்தைத் திறந்தார். 57ஐ மறைக்கவில்லை. சிவப்பாக இருக்கும் இடம் எது என்று சிஸ்டர் கேட்டார். மெஷின் பழுதானால் ஆட்களை மாற்றும் பகுதி என்றேன், நேற்றுப் பார்த்ததையும் சேர்த்து. டயாலிசிஸ் ஒருநாள் தவறினால் என்ன ஆகும் என்று அந்த அறையில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிஸ்டம் தொடங்குவது இரண்டு வாரம் தள்ளிவைப்பு. அதுவரை நர்ஸ்கள் கையால் பேர் எழுதும் சுவர் வெள்ளைப் பலகையே.

காரைக் குணா அண்ணன்தான் ஓட்டினார். பாஸ் இரண்டு தடவை போனில் கூப்பிட்டார், எடுக்கவில்லை. ஆபீஸ் வாசலில், "டெஸ்ட் முழுசும் நீதான் எழுதணும், தெரியும்ல" என்றார். தெரியும்.

மே 9, சனி

தூறல். பிரேக் இன்னும் பார்க்கவில்லை.

அம்மாவை அழைக்கப் போனால் முடியவே மதியம் ஆகிவிட்டது. இரண்டு மெஷின் ரோசாக், பழுதாம், காலையிலேயே. சிஸ்டர் பலகையில் பேர்களை அழித்து அழித்து எழுதி, கடைசியில் அம்மாவை மூலை நாற்காலியில் உட்காரவைத்தாராம். பைக்கில் ஏறியதிலிருந்து அம்மா வாய் மூடவில்லை.

"புதுசா கம்ப்யூட்டர் வருதுன்னாங்க. வரலயாம் லா. இன்னும் ரெண்டு வாரமாம். எவனோ வேல தெரியாதவன் செஞ்சிருக்கான் போல."

வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

"நீயும் இதே வேலதானே பாக்குற? போயி அவனுங்களுக்குச் சொல்லிக் குடேன்."

"சரிம்மா," என்றேன். "திங்கக்கிழம போயி சொல்றேன்."

ஐஸ் தட்டு வாங்க மறுபடி மறந்துவிட்டேன்.